நகல் பெறுநர் ஒன்பது பேர்

ஜூன் 9, திங்கள்

மாலையில் ஆறுச்சாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பழக்கூடை.

அவர் எங்கள் நூற்பாலையின் மனிதவள மேலாளர். என்னைவிடப் பத்து வயது இளையவர், அஞ்சல் வழியில் பட்டம் வாங்கியவர். நான் ஜவுளித் தொழில்நுட்பத்தில் முதுநிலைப் பட்டம், பல்கலைக்கழகத்தில் முதலிடம். ஆலையின் தரக்கட்டுப்பாடு முழுவதும் என் கையில் இருக்கிறது. ஆனால் நிர்வாகக் குழுவில் எனக்குரிய நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கிறார். பெருமைக்காக இதை எழுதவில்லை. பதிவுக்காக எழுதுகிறேன்.

பழக்கூடை அவர் கொண்டுவந்த வழக்கம். ஆலை ஊழியர்களுக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு இருக்கிறது. யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், காப்பீட்டுக் கணக்கைப் பார்க்கும் டி.பி.ஏ. நிறுவனம் அவருக்கு மின்னஞ்சல் அனுப்பும். உடனே அவர் ஆலையின் வாட்ஸப் குழுவில் 'விரைவில் நலம் பெற வேண்டுகிறோம்' என்று போடுவார். வரிசையாகக் கும்பிட்ட கைகள் வந்து விழும். நான் அந்தக் குழுவை அடிக்கடி பார்ப்பதில்லை. மாலையில் ஆப்பிள், சாத்துக்குடி, ஹார்லிக்ஸ் அடங்கிய கூடையோடு குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்பார். இன்று என் வாசலில் நின்றார்.

"பாப்பாவுக்கு இப்ப எப்படீங்க சார் இருக்குது?"

என் ஒரே மகள் மிருதுளா. வயது இருபத்து மூன்று. கோவையில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நேற்றுத்தான் போனில் பேசினாள். குரலில் எந்தக் குறையும் இல்லை.

"பரவாயில்லை" என்றேன். என் மகளுக்கு என்னவென்று ஆறுச்சாமியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு நான் இன்னும் வரவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் நின்றார். காபி சாப்பிடுவார் என்று எதிர்பார்த்திருக்கலாம். என் மனைவி சாந்தாமணி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. கழுவி முடித்த தட்டை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

அவர் போனதும் என் போனைப் பார்த்தேன். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வருவதெல்லாம் விளம்பரம் என்று நான் திறப்பதில்லை. காலையில் இரண்டு செய்திகள் வந்திருந்தன. முதலாவது, மிருதுளாவை அனுமதிக்க மருத்துவமனை ஒன்று காப்பீட்டு ஒப்புதல் கேட்டிருப்பதாக. இரண்டாவது, சற்று நேரத்தில், அந்தக் கோரிக்கை ரத்து என்று. ஆறுச்சாமி முதல் மின்னஞ்சலை மட்டும் பார்த்துவிட்டுப் பழம் வாங்கப் போயிருக்கிறார். எதையும் முழுதாகப் படிக்காத மனிதர்.

மிருதுளாவைக் கூப்பிட்டேன். சும்மா செக்கப் போனதாகவும், ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆளை மாற்றிப் பதிந்துவிட்டதாகவும் சொன்னாள். என் மகள் பொய் சொல்ல மாட்டாள். ஆகவே தவறு ஆஸ்பத்திரியுடையது.

ஜூன் 10, செவ்வாய்

டி.பி.ஏ.வுக்குப் போன் செய்தேன். பாலிசி எண்ணும் பிறந்த தேதியும் சொன்னதும் எதிர்முனையில் இருந்த பெண் கணினியைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தாள். நான் எதையும் வற்புறுத்திக் கேட்கவில்லை.

நரம்பியல் பிரிவு. மூளையின் மின்னலைகளைக் காமிராவோடு சேர்த்துக் கண்காணிக்க இரண்டு நாள் அனுமதி. நான்கு மாதமாக அவ்வப்போது வலிப்பு. சாப்பிடும் மாத்திரையின் பெயர், அளவு. மருத்துவரின் பெயர். நோயாளியே கேட்டுக்கொண்டதால் கோரிக்கை ரத்து.

"இதையெல்லாம் என்னிடம் சொல்லலாமா?" என்று கேட்டேன். விதி என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"நீங்கதான சார் மெயின் மெம்பர். உங்களுக்குச் சொல்லலாம் சார்."

திறமையான பெண். ஆறுச்சாமியின் துறையில் இப்படி ஒருவரும் இல்லை.

வலிப்பு.

முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக்கிடக்கிறது. சாயங்காலம் தீப்பந்தம் கட்டி எரித்தேன். ஒரு கிளை சேர்ந்து கருகிவிட்டது.

ஜூன் 11, புதன்

புதிதாக வந்த பஞ்சில் ஈரம் அதிகம். லாரியைத் திருப்பி அனுப்பினேன்.

ஜூன் 12, வியாழன்

சாந்தாமணியிடம் கேட்டேன். உனக்குத் தெரியுமா என்று மட்டும்தான்.

"மாசி மாசத்துல இருந்து தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க எழுதுவீங்க."

வெங்காயம் உரித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியவள் சொல்கிற பேச்சா இது?

எழுதுவேன். ஏன் எழுதக் கூடாது? ஏழாம் வகுப்பில் மிருதுளா பார் கம்பியிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். எழுதினேன். விளையாட்டு ஆசிரியருக்கு மாற்றல் வந்தது. கல்லூரி விடுதியில் அவளுக்கு மஞ்சள் காமாலை. எழுதினேன். சுகாதார ஆய்வாளர் வந்து மெஸ்ஸுக்குப் பூட்டுப் போட்டார். இன்றைக்கு அந்த விடுதியில் சுத்திகரித்த தண்ணீர் வருகிறது என்றால் அது யாரால்? மூன்று வாரம் பொண்ணுகள் எல்லாம் வெளியே காசு கொடுத்துச் சாப்பிட்டதில் மிருதுளாவைக் கரித்துக் கொட்டினார்கள் என்றும், படிப்பு முடிகிறவரைக்கும் 'காமாலை' என்றே கூப்பிட்டார்கள் என்றும் சாந்தாமணி இப்போது சொல்கிறாள். சீர்திருத்தம் என்றால் நான்கு பேர் கரித்துக் கொட்டத்தான் செய்வார்கள். மிருதுளா என்னிடம் அதை ஒருநாளும் சொன்னதில்லை. பெருந்தன்மையான பெண்.

இரவு படுத்தபடி யோசித்ததில் ஒன்று தெளிவானது. வயதுக்கு வந்த ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் போன விஷயத்தை ஆலை முழுக்கத் தம்பட்டம் அடித்தது யார்? ஆறுச்சாமி. அவள் பயந்து எழுந்து வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். அவள் ரத்து செய்த பிறகுதான் அவர் குழுவில் போட்டார் என்பது சிறிய நேர முரண்பாடு. அடிப்படை மாறாது.

ஜூன் 15, ஞாயிறு

மனு முடிந்தது. நான்கு பக்கம். நான் எழுதியவற்றில் சிறந்தது இதுவாகத்தான் இருக்கும்.

ஒரு பகுதியை இங்கே எடுத்து எழுதி வைக்கிறேன்: 'என் மகள் மிருதுளா, வயது 23, வலிப்பு நோய்க்காக மேற்படி மருத்துவமனையில் மேற்படி மருத்துவரிடம் கடந்த நான்கு மாதங்களாகச் சிகிச்சை பெற்று, மேற்படி மாத்திரையை உட்கொண்டு வருகிறாள் என்பது முற்றிலும் அந்தரங்கமான தகவலாகும். அந்த அந்தரங்கத்தைக் காக்கத் தவறிய மனிதவள மேலாளரின் செயல் கடும் கண்டனத்துக்குரியது.'

ஆதாரம் இல்லாத மனு பல் இல்லாத ரம்பம். எனவே டி.பி.ஏ. சொன்ன விவரங்களை இணைப்பாகச் சேர்த்தேன். பெறுநர்: நிர்வாக இயக்குநர். நகல்: ஆலைத் தலைவர், தொழிற்சங்கச் செயலாளர், காப்பீட்டு நிறுவனம், டி.பி.ஏ., மருத்துவமனைக் கண்காணிப்பாளர், காப்பீட்டுக் குறைதீர்ப்பு அலுவலகம், தொழிலாளர் துறை, மாவட்ட ஆட்சியர், முதலமைச்சர் தனிப்பிரிவு. ஒன்பது பேர்.

அனுப்பிவிட்டு மொட்டை மாடியில் கொஞ்சம் உலாவினேன். காற்று நன்றாக வந்தது.

ஜூன் 18, புதன்

வெற்றி. ஆறுச்சாமிக்கு மெமோ. பழக்கூடை வழக்கம் இன்றோடு நிறுத்தம் என்று நிர்வாக இயக்குநரே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். பேசி முடித்ததும் எழுந்து வந்து தோளில் கை வைத்து, தன் மைத்துனிக்கும் இது இருந்ததாகவும், கல்யாணமானதும் சரியாகிவிட்டதாகவும் சொன்னார். அவருடைய உதவியாளர் கதவுக்கு அந்தப் பக்கம் தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தார்.

தொழிற்சங்கச் செயலாளர் கேன்டீனில் என் அருகே வந்து உட்கார்ந்தார். ஒரு துணிப்பொட்டலத்தை மேசைக்கடியில் என் கையில் திணித்தார். உள்ளே இரும்பு வளையம். எந்நேரமும் பாப்பா கையில் கிடக்கட்டும் என்றார். ஸ்பின்னிங் மாஸ்டர் தாராபுரம் பக்கம் ஒரு வைத்தியர் இருப்பதாகச் சொன்னார். டைம் ஆபீஸ்காரர் ஒரு கோயில் பெயர் சொன்னார். கேன்டீன் அக்கா கேட்டுக்கொண்டே காபியில் ஒரு கரண்டி சர்க்கரை அதிகம் போட்டுவிட்டார்.

அக்கறை உள்ளவர்கள்தான். ஆனாலும் சாப்பாடு இறங்கவில்லை. கேன்டீனில் புளிக்குழம்பின் தரம் குறைந்துவிட்டது.

ஜூன் 21, சனி

மிருதுளா சொல்லாமல் வந்தாள். உடுமலையிலிருந்து டவுன் பஸ் பிடித்து, ஆலை வாசலிலிருந்து நடந்து வந்திருக்கிறாள். செக்யூரிட்டி முதல் டைம் ஆபீஸ் வரைக்கும் எல்லோரும் அவளை நிறுத்தி, எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்களாம். அதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். முகவாயில் புதிதாகத் தையல் போட்டிருந்தது. பாத்ரூமில் வழுக்கியது என்றாள்.

நான் அனுப்பிய நகல் அந்த ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளருக்குப் போய், அவர் அதை மருத்துவருக்கு அனுப்பி, மருத்துவர் இவளைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். 'உங்கப்பா கம்ப்ளைன்ட் முடியட்டும்மா, அதுவரைக்கும் வேற டாக்டரைப் பாத்துக்கறது நல்லது' என்று சொல்லிவிட்டாராம். அந்த மருத்துவரைப் பற்றியும் எழுத வேண்டும் என்று எழுந்தேன். அவள் என்னை உட்காரச் சொன்னாள். நான் உட்கார்ந்தேன்.

பேச்சை அப்படியே எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் திரித்துச் சொல்லக் கூடாது.

"அன்னிக்கு பெட் ரெடியா இருந்துச்சுப்பா. கவுன்டர்ல இருந்த பொண்ணு, மெசேஜ் எல்லாம் உங்கப்பா நம்பருக்குப் போயிரும்னா. என் நம்பருக்கு மாத்துங்கன்னேன். முடியாதுன்னுட்டா. பையத் தூக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்."

"நான் என்ன உன்னைத் தின்னுருவனா?"

"திட்டவும் மாட்டீங்க, அடிக்கவும் மாட்டீங்க. எனக்காகப் போய் சண்டை போடுவீங்க. அதான் பயம்."

"உன் ரகசியத்தைக் காப்பாத்தத்தான் கண்ணு எழுதினேன்."

"எந்த ரகசியத்தை? மாத்திரை எத்தனை மில்லிகிராம்னு அதுலயே போட்டிருக்கீங்களேப்பா. அம்மாவுக்குத் தெரியும், என் ரூம்ல இருக்கற சுகுணாவுக்குத் தெரியும். இப்பக் கலெக்டருக்குத் தெரியும்."

சாந்தாமணி சமையலறையில் சிரித்துவிட்டாள். பிறகு இருமல் மாதிரி மாற்றினாள். மிருதுளாவும் சிரித்தாள். ஆனால் கண் நனைந்திருந்தது. அவள் சத்தம் போடவே இல்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

எழுந்து வந்த நாளுக்குப் பிறகு இரண்டு தடவை வந்துவிட்டதாம். ஒன்று பாத்ரூமில். கண்காணிப்பில் இருந்து மருந்தை மாற்றியே ஆக வேண்டும், தள்ளிப்போடாதே என்று முதல் நாளே சொல்லிவிட்டார்களாம். அவள் அலுவலகத்தில் காப்பீடு கிடையாது. சொந்தச் சம்பளத்தில் முடிகிற காரியம் இல்லை. நான் தருகிறேன் என்றேன்.

"நீங்க தந்தா பில்லு கேப்பீங்கப்பா."

பிறகு நிபந்தனை சொன்னாள். மெசேஜ் அவள் எண்ணுக்கு மட்டும் வர வேண்டும். காகிதங்கள் அவளுக்கு மட்டும் போக வேண்டும். ஆலைக்கும் தெரியக் கூடாது, எனக்கும் வரக் கூடாது. அப்படி நடந்தால் வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொள்வாள். எந்த ஆஸ்பத்திரி, என்றைக்கு என்று நான் கேட்கக் கூடாது.

"இல்லைன்னா?"

"இல்லைன்னா இப்படியே இருந்துக்கறேன். எத்தனையோ பேர் இருக்காங்க."

மூன்று தோசை சாப்பிட்டாள். நாலாவது வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள். இரும்பு வளையத்தைக் கொடுக்கலாம் என்று சட்டைப்பையில் வைத்திருந்தேன். கொடுக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மகள் நிபந்தனை போட, தகப்பன் கேட்க வேண்டுமாம். காப்பீடு யார் பெயரில் இருக்கிறது? பிரீமியம் யார் சம்பளத்தில் பிடிக்கிறார்கள்? மெயின் மெம்பர் என்ற சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு.

இருந்தாலும் விதி என்ன சொல்கிறது என்று பார்ப்பதில் தவறில்லை. பாலிசி ஆவணத்தைக் காலையிலிருந்து படித்தேன். எழுதிய ஆளுக்கு வாக்கியம் முடிக்கத் தெரியவில்லை. விடையைக் கடைசியில் கண்டுபிடித்தேன். குடும்ப உறுப்பினருக்குத் தனி எண்ணும் தனி மின்னஞ்சலும் பதியலாம். நிறுவனத்துக்குப் போகும் தகவலையும் நிறுத்தலாம். ஆனால் ஊழியரோ காப்பீட்டு நிறுவனமோ அதைச் செய்ய முடியாது. நிறுவனத்தின் மனிதவள மேலாளர் மட்டுமே செய்ய முடியும்.

ஆறுச்சாமி.

ஜூன் 23, திங்கள்

இன்று போக முடியவில்லை. ஆடிட்டர்கள் வந்திருந்தார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். ஆறு மாதமாகக் கழுவவில்லை. அதைச் செய்யாமல் வேறு எதையும் செய்வது முறையல்ல.

ஜூன் 26, வியாழன்

சாந்தாமணி நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள். நேற்று மறுபடியும் வந்ததாம். பஸ் படியில் கால் வைக்கும்போது. நல்ல வேளையாக வண்டி நின்றுகொண்டிருந்தது. பின்னால் ஏறியவர் பிடித்துக்கொண்டார்.

"எந்த பஸ்? நம்பர் என்ன?" என்று கேட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பஸ் மீது தவறில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஜூன் 27, வெள்ளி

காலை முதல் வேலையாக ஆறுச்சாமி அறைக்குப் போனேன். அந்த அறைக்குள் நான் போய் வருடக்கணக்காகிறது. நாற்காலி புதிது, எனக்கு வந்திருக்க வேண்டிய ஏ.சி. மெமோவுக்கு அவர் எழுதிய விளக்கத்தின் நகல் மேசை மேலேயே கிடந்தது. என்னை உட்காரச் சொன்னார். நின்றேன்.

மகளுக்குத் தனி எண் பதிய வேண்டும், தகவல் எதுவும் ஆலைக்கும் எனக்கும் வரக் கூடாது என்றேன். அவர் கணினியைத் திறக்கவில்லை.

"காரணம் என்னங்க சார்?"

என்னிடம் காரணங்கள் இருந்தன. மூன்று பக்கத்துக்கு வரும். அந்தரங்கம் என்றால் என்ன, வயதுக்கு வந்தோரின் உரிமை, தொடர்ந்து நடந்த அலட்சியம், அதன் விளைவுகள் என்று வழியிலேயே தலைப்புகள்கூட அமைந்துவிட்டன. விளைவுகள் என்று எடுத்தால் பஸ் படியைச் சொல்ல வேண்டும். முகவாய்த் தையலைச் சொல்ல வேண்டும்.

"ஒண்ணுமில்லை" என்றேன்.

"ஒண்ணுமில்லைங்களா?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "காரணம் எழுதாம நீங்க ஒரு பென்சில்கூடக் கேட்டதில்லீங்களே சார்."

"இப்போது கேட்கிறேன்."

அவர் கொஞ்சநேரம் நாற்காலியை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அனுபவிக்கிறார் என்று நினைத்தேன். அனுபவிக்கட்டும். பிறகு, செய்துதருவதில் ஆட்சேபணை இல்லை, ஆனால் மனுவை வாபஸ் வாங்க வேண்டும் என்றார். தனக்கு ஒரு மெமோ இருக்கிறது, சம்பள உயர்வு அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று மறைக்காமலே சொன்னார். ஒன்பது பேருக்கும் வாபஸ் போக வேண்டுமாம்.

அவர் கொடுத்த தாளில் அங்கேயே நின்றபடி எழுதினேன். ஒரே வரி: 'மேற்படி மனுவைத் திரும்பப் பெறுகிறேன்.' இது பின்வாங்கல் ஆகாது. கொள்கையளவில் என் மனு சரியானது. நீதிமன்றத்திலும் நிற்கும். ஆனால் ஒவ்வொரு நகலும் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருக்கும்வரை அவள் பெயரும் போய்க்கொண்டிருக்கும். அதை நிறுத்துவதுதான் சரியான உத்தி. இணைப்பை அழித்துவிடும்படி எல்லோரையும் தனியாகக் கேட்டுக்கொண்டேன். அழிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

ஆறுச்சாமி கணினியில் மாற்றினார். மிருதுளாவின் எண்ணை நான் சொல்லச் சொல்லத் தட்டினார். சரிதானா என்று திரையைத் திருப்பிக் காட்டினார். என் எண் இருந்த கட்டம் வெறுமையாக இருந்தது.

நான் கிளம்பும்போது சொன்னார்: "எங்கப்பா ஜி.எச்.சுல கெடந்தப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்கலீங்க சார். அதனாலதான் அந்தக் கூடை. வேற ஒண்ணும் நெனச்சு இல்லீங்க."

நான் அதைக் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். இதனால் எங்கள் இருவருக்கும் இடையிலுள்ள கணக்கு எதுவும் தீர்ந்துவிடாது. நாற்காலி நாற்காலிதான்.

மாலை மிருதுளாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: 'மாற்றியாகிவிட்டது.' அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்று அனுப்பினாள். அதற்கு என்ன பதில் அனுப்புவது என்று தெரியவில்லை. நானும் அதையே அனுப்பினேன்.

ஜூலை 3, வியாழன்

செய்தி எதுவும் வரவில்லை. ஏற்பாடு சரியாக வேலை செய்கிறது.

ஜூலை 5, சனி

கேன்டீனில் ஸ்பின்னிங் மாஸ்டர் தாராபுரத்து வைத்தியர் பேச்சை மறுபடி எடுத்தார். நோய் என் தங்கைக்கு, மகளுக்கு இல்லை என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். எனக்குத் தங்கை கிடையாது. அவருக்கு அது தெரியும்.

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. அவசரமாகத் திறந்தேன். விளம்பரம்.

ஜூலை 10, வியாழன்

சாந்தாமணி பொள்ளாச்சியில் தன் அக்கா வீட்டுக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். பையில் பிளாஸ்க், போர்வை, மிருதுளாவின் பழைய நைட்டி இரண்டு. அக்கா வீட்டுக்குப் போகிறவள் எதற்குப் பிளாஸ்க் எடுத்துப் போகிறாள்?

கேட்கவில்லை. பஸ் ஏற்றிவிட்டேன். பொள்ளாச்சி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அதில் ஏறாமல் கோவை பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். நான் டீக்கடைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ரசம் நானே வைத்தேன். உப்பு சரியாக இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

ஆலையில் நூல் அறுபடுவது கூடியிருக்கிறது. காரணம் காற்றின் ஈரப்பதம். பகல் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டி.பி.ஏ. எண் போனில் இன்னும் இருக்கிறது. பிறந்த தேதி சொன்னால் போதும், அந்தப் பெண் படித்துவிடுவாள். விவரக் கட்டம்தான் மாறியிருக்கிறது, நான் இன்னும் மெயின் மெம்பர்தான்.

எண்ணை அழித்துவிட்டேன். போனில் தேவையில்லாத எண்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. கூடவே வேறு சிலவற்றையும் அழித்தேன்.

ஜூலை 12, சனி

மதியம் மிருதுளா கூப்பிட்டாள். குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது.

"அப்பா, நாளைக்கு வரீங்களா? அட்ரஸ் அனுப்பறேன்."

"வர்றேன்."

"யாரையும் எதுவும் கேக்கக் கூடாது."

"சரி."

"பேனா கொண்டு வரக் கூடாது."

"பேனா இல்லாம எப்படிக் கண்ணு வெளியில போறது?"

"வேட்டி கட்டிட்டு வாங்க. பாக்கெட் இல்லாத பனியன் போட்டுக்கங்க" என்று சிரித்தாள். பின்னால் சாந்தாமணியும் சிரிப்பது கேட்டது.

சட்டை போட்டுக்கொண்டுதான் போவேன். பேனாவை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

போய்விட்டு வந்தேன்.

தலையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, அதிலிருந்து கற்றையாக வயர்கள் சுவரில் இருந்த பெட்டிக்குப் போயின. கூரை மூலையில் ஒரு காமிரா. தூங்கவிடாமல் வைத்திருந்ததால் கண்கள் உள்ளே போயிருந்தன. என்னைப் பார்த்ததும் கையை விரித்து, எப்படி இருக்கிறது என் தலைப்பாகை என்பது போலக் காட்டினாள். நன்றாக இருக்கிறது என்றேன். சாந்தாமணி பிளாஸ்கிலிருந்து எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள். பொள்ளாச்சியைப் பற்றி யாரும் பேசவில்லை.

மூன்று பேரும் மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டிருந்தோம். அலுவலகத்தில் வரைந்த ஒரு வீட்டைப் பற்றி மிருதுளா சொன்னாள். வீட்டுக்காரர் வாஸ்துப்படி படிக்கட்டை நாலு தடவை மாற்றினாராம். கடைசியில் மாடிக்கு ஏணிதான் வைக்க முடியும் என்று சொல்லிவிட்டார்களாம். சொல்லும்போது ஒரு கையால் வயர்களைப் பிடித்துக்கொண்டாள். பெட்டியில் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவை நன்றாக இருக்கின்றனவா, மோசமாக இருக்கின்றனவா என்று எனக்குப் படிக்கத் தெரியாது. நான் பார்க்கவும் இல்லை. அதிகம் பார்க்கவில்லை.

டாக்டர் வந்தார். இளம் பெண். கையில் ஃபைல். என்னைப் பார்த்துவிட்டு மிருதுளாவைப் பார்த்தார்.

"அம்மா இருக்கட்டும்" என்றாள் மிருதுளா. "அப்பா, கொஞ்சம் வெளிய இருங்கப்பா."

எழுந்தேன். கதவை நானே சாத்திவிட்டு வந்தேன்.

தாழ்வாரத்தில் இரண்டு நாற்காலிகளுக்குக் கால் உடைந்திருந்தது. டிவியின் சத்தம் தேவைக்கு மேல். தண்ணீர்க் குழாயில் டம்ளரைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள், டம்ளரைக் காணோம், சங்கிலி மட்டும் தொங்கியது. கண்காணிப்பாளரின் பெயர்ப்பலகை எதிரிலேயே இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை.

பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மூலனூர்க்காரராம். மனைவிக்கு முதுகில் ஆபரேஷன், தட்டு வைத்திருக்கிறார்கள், ஆறு திருகு. கேட்காமலே எல்லாம் சொன்னார். அவருடைய சம்பந்தியின் வயிற்றுப் புண்ணையும் சேர்த்துச் சொன்னார். பிறகு எங்கள் கதவைத் தாடையால் காட்டினார்.

"உங்களுக்கு உள்ள யாருங்க?"

"மகள்."

"பாப்பாவுக்கு என்னங்க?"

நோயின் பெயர் தெரியும் எனக்கு. எத்தனை மாதமாக, எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று தெரியும். அது வந்த இடங்கள் எல்லாம் தெரியும்.

"தெரியலீங்க" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டையை, செருப்பை, கண்ணாடியை.

"பெத்தவரு தெரியலைங்கறீங்க? பாத்தாப் படிச்சவராட்ட இருக்கறீங்க."

"ஆமாங்க" என்றேன். "அவளுக்குத் தெரியும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, ஒரு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார். இப்படியும் ஒரு தகப்பன் என்று அந்தப் பக்கத்துக்காரரிடம் மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, எனக்கு நன்றாகக் கேட்கும்படியே சொன்னார். எனக்கு நியாயமான பதில் இருந்தது. மூன்று பதில்கள் இருந்தன.

கதவு திறக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.